தண்ணீருக்கு ஒரு விளக்கு

குழந்தைகளே! எங்கள் குறிஞ்சிப்பாடி வட்டத்தில், வடலூருக்குப் பக்கத்தில் கருங்குழி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. வள்ளலார் சில ஆண்டுகள் தங்கியிருந்த ஊர் அது. எண்ணெய் என்று நினைத்து அவர் தண்ணீரை ஊற்ற, விளக்கு இரவு முழுவதும் அணையாமல் எரிந்தது என்று எங்கள் பக்கத்துப் பாட்டிமார்கள் கதை சொல்வார்கள். தண்ணீரால் விளக்கு எரிந்த கதை அது.

இன்று நான் சொல்லப் போவது வேறு கதை. இதில் விளக்கு தண்ணீரைச் சுத்தம் செய்கிறது. இந்தக் கதையின் நாயகர் ஒரு விஞ்ஞானி, மும்பையில் பிறந்தவர். கதை தொடங்கும் இடமோ நம் சென்னை! வாருங்கள், பார்ப்போம்.

இரண்டு டம்ளர் தண்ணீர்

முதலில் ஒரு கேள்வி. உங்கள் முன்னால் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். இரண்டிலும் தண்ணீர். இரண்டும் பளிங்குபோல் தெளிவாக இருக்கின்றன. ஒன்றில் நோய்க் கிருமிகள் இருக்கின்றன, மற்றதில் இல்லை. எதைக் குடிப்பீர்கள்?

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்பேன். "மோந்து பார்ப்போம் சார்" என்பான் ஒருவன். "கொஞ்சம் குடித்துப் பார்த்துச் சொல்கிறேன் சார்" என்பான் இன்னொருவன். வகுப்பே சிரிக்கும்.

உண்மையில் பார்த்தோ, மோந்தோ, சுவைத்தோ கண்டுபிடிக்க முடியாது. காலரா நோயை உண்டாக்கும் கிருமி ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு நீளம்தான் இருக்கும். உங்கள் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அதற்குள் 500 கிருமிகள் வரிசையில் நிற்கலாம்! அந்தக் கிருமி நுண்ணோக்கியில் பார்த்தால் காற்புள்ளிபோல் வளைந்து தெரியும்.

இந்தக் கிருமி வயிற்றுக்குள் போனால் கடுமையான வயிற்றுப்போக்கு ஏற்படும். உடம்பில் உள்ள நீரும் உப்பும் வெளியேறிக்கொண்டே இருக்கும். உடனே மருத்துவம் பார்க்காவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. அதிகம் தவிப்பவர்கள் சின்னக் குழந்தைகள். அவர்கள் உடம்பில் உள்ள நீர் சீக்கிரம் வற்றிவிடும்.

கைப்பிடியைக் கழற்றிய டாக்டர்

ஒரு காலத்தில் காலரா கெட்ட காற்றால் பரவுகிறது என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் நினைத்தார்கள். லண்டன் நகரில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர் மட்டும், "இல்லை, தண்ணீரால்தான் பரவுகிறது" என்று சொல்லி வந்தார்.

1854ஆம் ஆண்டு லண்டனில் சோஹோ என்ற பகுதியில் காலரா பரவியது. 600 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஸ்னோ வீடு வீடாகப் போய் விசாரித்தார். எந்தெந்த வீட்டில் இறப்பு என்று வரைபடத்தில் குறித்தார். பார்த்தால், இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெருவில் இருந்த ஒரே ஒரு அடிபம்பில் தண்ணீர் எடுத்தவர்கள்! அதிகாரிகளிடம் பேசி, செப்டம்பர் 8ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். தண்ணீருக்கும் காலராவுக்கும் உள்ள தொடர்பை உலகம் புரிந்துகொள்ள அந்த வரைபடம் பெரிதும் உதவியது.

பிறகு ராபர்ட் கோச் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி எகிப்துக்கும், அங்கிருந்து நம் கல்கத்தாவுக்கும் வந்து ஆராய்ந்தார். 1884இல் காலராக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். எதிரி யார் என்பது தெரிந்துவிட்டது.

1992: சென்னையில் ஒரு புதிய கிருமி

எதிரியைத் தெரிந்துகொண்டால் மட்டும் அவன் போய்விடுவானா? நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வேறு வேடத்தில் வந்தான்.

1992 அக்டோபரில் சென்னையில் காலரா நோயாளிகளைச் சோதித்த மருத்துவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. இதுவரை கொள்ளைநோயாகப் பரவி வந்த காலராக் கிருமி இல்லை இது. முற்றிலும் புதிய வகை! அடுத்து மதுரையிலும் வேலூரிலும் தெரிந்தது. பிறகு வங்காள விரிகுடாக் கரையோரமாக வடக்கே போய், 1993இல் கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் வேகமாகப் பரவியது. அதனால் இதற்கு 'வங்காளக் காலரா' என்று பெயர் வந்தது. விஞ்ஞானிகள் கொடுத்த பெயர் 'ஓ139'.

பழைய காலரா வந்து பிழைத்தவர்கள் உடம்பில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். இந்தப் புதிய கிருமிக்கு முன்னால் அந்தச் சக்தி வேலை செய்யவில்லை. பெரியவர்களும் விழுந்தார்கள். சில மாதங்களில் 10,000 பேருக்கும் அதிகமானோர் இறந்ததாகச் சொல்லப்பட்டது.

இந்தச் செய்தி கடல் கடந்து அமெரிக்காவில் இருந்த ஓர் இந்தியரின் தூக்கத்தைக் கெடுத்தது. அவர்தான் அசோக் காட்கில்.

விளக்குகளை ஆராய்ந்தவர்

அசோக் காட்கில் 1950இல் மும்பையில் பிறந்தார். மும்பைப் பல்கலைக்கழகத்திலும் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் இயற்பியல் படித்தார். பிறகு அமெரிக்காவில் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இடையில் இந்தியாவுக்குத் திரும்பி, டெல்லியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். மீண்டும் பெர்க்லிக்குப் போய் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருடைய வேலைகளில் ஒன்று, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் விளக்குகளைப் பற்றிய ஆராய்ச்சி. குழல் விளக்கின் குணங்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. தண்ணீருக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்றுதானே தோன்றுகிறது? கொஞ்சம் பொறுங்கள்.

காலராச் செய்தியைக் கேட்டதும் காட்கில் தனக்குத் தானே கேள்விகள் கேட்டுக்கொண்டார். பெரிய நகரங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. கிராமத்தில் என்ன செய்வார்கள்? பொறியாளர் இல்லாத ஊரில், அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில், கையில் அதிகப் பணம் இல்லாத மக்கள் கிருமியில்லாத தண்ணீருக்கு எங்கே போவார்கள்?

கொதிக்க வைத்தால் போதாதா?

"தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமே!" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. சரியான யோசனைதான். கொதிக்க வைத்த தண்ணீரில் கிருமிகள் செத்துவிடும். ஆனால் அதற்கு எவ்வளவு விறகு வேண்டும்? சுள்ளி பொறுக்கப் போவது யார்? பெரும்பாலும் அம்மாவும் அக்காவும்தான்.

வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம். சிலேட்டோ நோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெரிய பிளாஸ்டிக் குடத்தில் சுமார் 15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 1 லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த 4.2 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். 25 டிகிரியில் இருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 75 டிகிரி உயர்த்த வேண்டும்.

15 × 75 × 4.2 = 4,725 கிலோ ஜூல்.

காட்கில் உருவாக்கிய கருவிக்குத் தேவைப்பட்டது 60 வாட் மின்சாரம். வீட்டில் ஓடும் சாதாரண மின்விசிறியைவிடக் குறைவு! அது ஒரு நிமிடத்தில் 15 லிட்டர், அதாவது நம் கணக்கில் ஒரு குடம் தண்ணீரைச் சுத்தம் செய்தது. 60 வாட் என்றால் ஒரு வினாடிக்கு 60 ஜூல். 60 வினாடிக்கு 3,600 ஜூல். அதாவது 3.6 கிலோ ஜூல்.

4,725ஐ 3.6ஆல் வகுத்துப் பாருங்கள். 1,300க்கும் மேல் வருகிறதா? அடுப்பில் எரியும் விறகின் வெப்பம் முழுவதும் பானைக்குப் போகாது. பாதிக்கு மேல் காற்றில் போய்விடும். அதையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பல மடங்கு ஆகும்.

இன்னொரு கணக்கு. நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் மணிக்கு 900 லிட்டர். பத்து மணி நேரம் ஓடினால் 9,000 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால் 1,800 பேருக்குப் போதும். ஒரு கிராமமே குடிக்கலாம். அதற்கு ஆகும் மின்சாரம் 0.6 யூனிட்தான்!

விளக்கு என்ன செய்கிறது?

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத கதிர்களும் உண்டு. வானவில்லில் ஊதா நிறத்துக்கு அப்பால் இருப்பவை புற ஊதாக் கதிர்கள். இவற்றில் ஒரு வகை கிருமிகளுக்கு எமன்.

உங்கள் வீட்டு டியூப் லைட்டைப் பாருங்கள். உள்ளே கொஞ்சம் பாதரச ஆவி இருக்கும். மின்சாரம் பாயும்போது அந்த ஆவி புற ஊதாக் கதிரைத்தான் வெளியிடுகிறது. குழாயின் உள்ளே பூசியிருக்கும் வெள்ளைப் பூச்சு அந்தக் கதிரை வாங்கி, நாம் பார்க்கும் வெளிச்சமாக மாற்றுகிறது. அந்தப் பூச்சை நீக்கிவிட்டு, புற ஊதாக் கதிரை வெளியே விடும் தனி வகைக் கண்ணாடியில் குழாயைச் செய்தால்? கிருமி கொல்லும் விளக்கு தயார்! விளக்கு ஆராய்ச்சி எங்கே வந்து உதவியது பார்த்தீர்களா?

ஒவ்வொரு கிருமியின் உடலுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நுண்ணிய இழை இருக்கிறது. கிருமி எப்படிப் பெருக வேண்டும் என்ற குறிப்புகள் அதில்தான் இருக்கின்றன. அதை ஒரு நோட்டுப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புற ஊதாக் கதிர் பட்டால் பக்கத்துப் பக்கத்தில் உள்ள எழுத்துகள் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். நோட்டைப் படிக்க முடியாது. படி எடுக்கவும் முடியாது. கிருமியால் பெருக முடியாமல் போகிறது. பெருக முடியாத கிருமி நமக்கு நோயைக் கொடுக்காது.

இந்தக் கதிரால் கிருமியை ஒழிக்கலாம் என்பது காட்கிலுக்கு முன்பே தெரிந்த செய்திதான். பழைய கருவிகளில் விளக்கை ஒரு கண்ணாடி உறைக்குள் வைத்துத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். சில நாட்களில் உறையின்மேல் உப்பும் அழுக்கும் படியும். எங்கள் ஊர்ப் பக்கம் போர்த் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதுபோல. படிந்துவிட்டால் கதிர் வெளியே வராது. அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும்.

காட்கில் என்ன செய்தார் தெரியுமா? விளக்கைத் தண்ணீரில் இருந்து வெளியே எடுத்துவிட்டார்! எவர்சில்வர் தட்டில் தண்ணீர் மெல்லிய படலமாக ஓடும். மேலே, தண்ணீரைத் தொடாமல், விளக்கு தொங்கும். தண்ணீர் தட்டைக் கடக்க எடுக்கும் சில வினாடிகளில் கிருமிகள் செயலிழந்துவிடும். தண்ணீர் தானாகவே மேட்டில் இருந்து பள்ளத்துக்கு ஓடுவதால் அழுத்தம் கொடுக்கும் பம்பும் தேவையில்லை. துடைக்க வேண்டிய கண்ணாடி உறையும் இல்லை. மின்சாரம் இல்லாத ஊரில் கார் பேட்டரியாலோ சூரிய மின்தகட்டாலோ ஓட்டலாம். கேட்டால் சின்ன மாற்றம்போல் தெரிகிறது அல்லவா? கிராமத்தில் வேலை செய்யும் கருவிக்கும், பழுதாகி மூலையில் கிடக்கும் கருவிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கருவி தயார். தண்ணீர் எங்கே?

பல கதைகள் இந்த இடத்தில் "சுபம்" என்று முடிந்துவிடும். ஆனால் உண்மையான சிரமம் இதற்குப் பிறகுதான்.

ஆய்வகத்தில் கருவி ஓடுகிறது. சரி. அதை யார் தயாரிப்பது? யார் வாங்குவது? கிராமத்தில் யார் ஓட்டுவது? விளக்கு ஃபியூஸ் போனால் புதிய விளக்கு எங்கே கிடைக்கும்? அரசாங்கமோ தொண்டு நிறுவனமோ ஒருநாள் மாலை போட்டுத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டால், அடுத்த வருடம் அதற்கு யார் பொறுப்பு? உங்கள் ஊரிலும் இப்படித் திறப்பு விழாவுக்குப் பிறகு துருப்பிடித்த ஏதாவது ஒன்று இருக்கும். யோசித்துப் பாருங்கள்.

1990களின் நடுவில் வாட்டர்ஹெல்த் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டு, இந்தக் கருவியைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்றது. பிலிப்பைன்ஸ், மெக்சிகோ போன்ற நாடுகளுக்குக் கருவிகள் போயின. கானா நாட்டில் பிறந்த டிராலன்ஸ் ஆடி என்பவர் பிறகு நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். கருவியை விற்றுவிட்டு ஒதுங்குவதைவிட, கிராமத்திலேயே ஒரு குடிநீர் நிலையம் கட்டி, அதைப் பல ஆண்டுகள் நிறுவனமே பராமரிக்கும் முறை வந்தது.

நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவில் இது எப்படி நடந்தது என்று பார்ப்போம். ஊராட்சி இடமும், குளம் அல்லது கிணற்றுத் தண்ணீரும் கொடுக்கும். நிறுவனம் நிலையம் கட்டும். தண்ணீர் முதலில் வடிகட்டிகள் வழியாகப் போகும். கலங்கல் தண்ணீரில் மண் துகளுக்குப் பின்னால் கிருமி ஒளிந்துகொள்ளும், கதிர் அதன்மேல் படாது. அதனால் தெளிய வைத்து வடிகட்டிய பிறகே விளக்குக்குக் கீழே அனுப்ப வேண்டும். அந்த ஊர் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். மக்கள் கேனுக்குச் சில ரூபாய் கொடுத்துத் தண்ணீர் எடுத்தார்கள். அந்தப் பணத்தில் சம்பளம், மின்கட்டணம், புதிய விளக்கு, கட்டுமானக் கடன் எல்லாம் அடையும்.

இப்படி மக்களின் ஒரு குறையைத் தீர்ப்பதையே குறிக்கோளாக வைத்து, தொழில்போலக் கணக்குப் பார்த்து நடத்துபவர்களைச் 'சமூகத் தொழில்முனைவோர்' என்பார்கள். தானம் கொடுப்பவர் கை ஓய்ந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

2010களில் இந்தியா, வங்கதேசம், கானா, பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட நாடுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு இந்த முறையில் குடிநீர் கிடைத்ததாக, காட்கில் வேலை செய்த ஆய்வகம் குறிப்பிட்டது.

காசு கொடுக்க முடியாதவர்?

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். உங்களில் சிலர் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். "தண்ணீருக்குக் காசு வாங்கலாமா சார்? காசில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?"

நல்ல கேள்வி. தண்ணீர் ஒவ்வொரு மனிதருக்கும் உள்ள உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28ஆம் தேதி தீர்மானம் நிறைவேற்றியது. உரிமை என்றால் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடைக்க வேண்டும். சில ரூபாய்தானே என்று நமக்குத் தோன்றலாம். தினக்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு மாதக் கடைசியில் அந்தச் சில ரூபாயும் பெரிதுதான். அப்போது பழைய குளத்துத் தண்ணீரையே மொண்டுகொள்வார்கள். நோய் முதலில் போய் நிற்பதும் அந்த வீட்டு வாசலில்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பராமரிக்கப் பணம் இல்லாமல் போனால், நிலையம் பூட்டிக் கிடக்கும். அப்போது யாருக்குமே சுத்தமான தண்ணீர் இல்லை.

என்னைக் கேட்டால், குடிநீர் கொடுக்கும் கடமை அரசுக்கும் ஊராட்சிக்கும்தான் முதலில் உண்டு. அவை எட்டாத இடத்துக்கு ஒரு நல்ல தொழில்முனைவோர் போய்ச் சேர்ந்தால் வரவேற்போம். ஆனால் அந்த ஊரின் கடைசி வீடும் குடிக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை அவரிடம் விட்டுவிடக் கூடாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து விவாதித்துப் பாருங்கள்.

விளக்கால் முடியாத வேலை

எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. இந்த விளக்கு கிருமிகளை ஒழிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பையோ நஞ்சையோ அதனால் எடுக்க முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது எங்கள் கடலூர் மாவட்டக் கடற்கரை ஊர்களில் கடல்நீர் புகுந்து கிணறுகள் உப்பாகிப் போயின. அந்தத் தண்ணீருக்கு எத்தனை விளக்கு போட்டாலும் உப்புக் கரிப்பு போகாது.

மேற்கு வங்கத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இயற்கையாகவே கலந்திருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பல ஆண்டுகள் குடித்தால் தோலில் புண்ணும் புற்றுநோயும் வரலாம். காட்கிலும் அவருடைய குழுவினரும் இதற்கும் ஒரு வழி தேடினார்கள்.

இந்த முறை உதவிக்கு வந்தது துரு! ஆமாம், பழைய இரும்பில் பிடிக்கும் அதே துருதான். தண்ணீரில் இரும்புத் தகடுகளை வைத்துச் சிறிதளவு மின்சாரம் செலுத்தினால் துருத் துகள்கள் உண்டாகும். ஆர்சனிக் அந்தத் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். துகளை அடியில் படியவைத்து வடிகட்டினால் நல்ல தண்ணீர். 2016இல் கொல்கத்தாவுக்குத் தெற்கே தப்தபி என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் இப்படி ஒரு நிலையம் ஓடத் தொடங்கியது. ஒரு நாளைக்கு 10,000 லிட்டர் சுத்தம் செய்யும் திறன் கொண்டது. முதலில் குடித்தவர்களில் உங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளும் உண்டு!

நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்த நஞ்சை எதிர்த்து ஆராய்ச்சி நடந்தது. பேராசிரியர் தலப்பில் பிரதீப் மிக நுண்ணிய இரும்புப் பொருளைக் கொண்டு ஆர்சனிக்கை நீக்கும் வடிகட்டியை உருவாக்கினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

காட்கிலுக்கு 2023 அக்டோபரில் வெள்ளை மாளிகையில் அன்றைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன், தொழில்நுட்பத்துக்கான அந்நாட்டின் மிக உயர்ந்த தேசியப் பதக்கத்தை அணிவித்தார்.

நம் ஊர்த் தண்ணீர்

எங்கள் குறிஞ்சிப்பாடிப் பக்கம் வடக்குத்து என்ற ஊரில் ஒரு பெரிய சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. வீராணம் ஏரித் தண்ணீர் அங்கே சுத்தமாகி, குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. 2004இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் வரை அனுப்பலாம். சென்னையில் இருக்கும் குழந்தைகளே, நீங்கள் குடிக்கும் தண்ணீரில் எங்கள் ஊர் வழியாக வந்த தண்ணீரும் இருக்கலாம்!

சிற்றூர்களில் போர்த் தண்ணீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, குளோரின் கலந்து தெருக்குழாயில் விடுவார்கள். பிளீச்சிங் பவுடர் வாசனை வருகிறது என்று முகம் சுளிக்காதீர்கள். அது காவல்காரன்! புற ஊதா விளக்குக்கு இல்லாத ஒரு குணம் குளோரினுக்கு உண்டு. விளக்கைத் தாண்டி வந்த தண்ணீரில் மறுபடி கிருமி விழுந்தால் காப்பாற்ற யாரும் இல்லை. குளோரின் தண்ணீரோடு கூடவே வந்து, குழாயிலும் குடத்திலும் சில மணி நேரம் காவல் காக்கும். குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி.

நீங்கள் செய்யக்கூடியவை

1. மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்த தேதியைத் தொட்டியிலேயே எழுதிவைப்பது வழக்கம். உங்கள் தெருத் தொட்டியில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். பழைய தேதியாக இருந்தால் பெரியவர்களிடம் சொல்லி, ஊராட்சியில் கேட்கச் சொல்லுங்கள். கிராமசபைக் கூட்டத்திலும் கேட்கலாம்.

2. குடிநீர்க் குடத்தை மூடி வையுங்கள். டம்ளரைக் கையோடு உள்ளே விடாதீர்கள். நீளக் கைப்பிடி உள்ள கரண்டியால் மொண்டு குடியுங்கள். எத்தனை கோடி ரூபாய் செலவில் சுத்தம் செய்த தண்ணீரும், அழுக்கு விரல் ஒன்று பட்டால் வீண்தான்.

3. கழிப்பறைக்குப் போய் வந்த பிறகும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

4. அடிபம்பைச் சுற்றித் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். தேங்கிய அழுக்குத் தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கும்.

5. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கரைத்து, அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள். உப்பு அதிகமாகிவிடக் கூடாது. உடனே மருத்துவரிடமும் போக வேண்டும்.

ஒரு வீட்டுப்பாடம்

மாணவச் செல்வங்களே! ஜான் ஸ்னோ ஒரு வரைபடத்தால் தொடங்கினார். நீங்களும் ஒரு தாளில் உங்கள் தெருவை வரையுங்கள். எந்த வீடு எங்கே தண்ணீர் எடுக்கிறது என்று குறியுங்கள்: தெருக்குழாய், அடிபம்பு, சொந்தப் போர், கேன் தண்ணீர். குழாய் எந்த வீட்டோடு நின்றுவிடுகிறது? அதற்கு அப்பால் இருக்கும் வீட்டில் யார் குடம் தூக்குகிறார்கள், எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்?

வரைந்து முடித்ததும் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஊராட்சித் தலைவரிடமும் காட்டுங்கள். அந்தக் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போக என்ன வழி என்று அவர்களைக் கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்!